முகத்துக்குக் கொடுக்கும் களிம்பைப் பற்றி: தருமபுரி மாவட்ட மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி மாவட்டத்தில் மருந்துக்கடை நடத்துகிற உரிமையாளர்களுக்கும், அக்கடைகளில் சீட்டை வாங்கிப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிற மருந்தாளுநர்களுக்கும் உதவியாளர்களுக்கும் வணக்கம்.

நான் பென்னாகரம் வட்டத்தில் கிராம அஞ்சல் ஊழியராக இருக்கிறேன். வயது 43. தபால் பை வந்து சேர்ந்து, பிரித்து, முத்திரை குத்தி முடித்து நான் மொபெட்டை எடுக்கும்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும். ஊர் ஊராகப் போய்த் திரும்பப் பகல் இரண்டு மணி ஆகிவிடும். உங்களில் சிலருடைய கடைகளுக்குப் பதிவுத் தபால் கொண்டுவந்து கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊர்களில் காய்ச்சலோ சிரங்கோ எது வந்தாலும் மக்கள் முதலில் ஏறுவது உங்கள் கடைப் படிதான். தோல் மருத்துவரைப் பார்க்கத் தருமபுரிக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலியும் போய்வரும் செலவும் சேர்ந்துவிடும் என்பதால், முகத்தில் பரு என்றாலும் உங்களிடமே வருகிறோம். அப்படி வருகிறவர்களின் கையில் நீங்கள் கொடுப்பது என்ன, கொடுக்கும்போது சொல்வது என்ன என்பதைப் பற்றியே இந்த மடல்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் கன்னங்களிலும் மூக்கின் மேலும் சிறு சிறு கொப்புளங்கள் கிளம்பின. இந்த வயதில் என்ன பரு என்று கேட்காதவர்கள் இல்லை. என்னைப் போன்ற கறுத்த முகத்தில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. கன்னம் கொஞ்சம் கருஞ்செம்பு நிறமாகிவிட்டது போலத்தான் தோன்றும். ஆனால் எரிச்சலை நான் நன்றாகவே உணர்ந்தேன். வெயிலில் போய்வந்தாலும், அடுப்பு முன் நின்றாலும், சுடச்சுடக் களியும் கொள்ளு ரசமும் சாப்பிட்டாலும் முகம் தணலாகிவிடும். ஒரு கடையில் முகத்தைக் காட்டினேன். கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு சிறிய ட்யூபை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் கொப்புளம் அடங்கி முகம் பளிச்சென்று ஆனது. இவ்வளவு நல்ல மருந்தை விடுவேனா? தீரத்தீர வாங்கினேன். மருத்துவர் சீட்டு இருக்கிறதா என்று ஒரு முறைகூட எவரும் கேட்கவில்லை. இப்படிப் பதினான்கு மாதம் ஓடியது.

பிறகு ஒரு நாள் பூசாவிட்டாலும் முகம் வெந்தது போல் ஆனது. கன்னத்தில் மெல்லிய நரம்புக் கோடுகள் தெரிந்தன, தாடையில் பூனைமுடி அடர்ந்தது, கொப்புளங்கள் முன்பைவிட அதிகமாக வந்தன. ஒருவழியாகத் தருமபுரிக்குப் போய் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தேன். அவர் நான் கொண்டுபோயிருந்த ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்துவிட்டு, “எத்தனை மாசமா போடுறீங்கம்மா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு வந்திருந்தது பரு அல்ல, ரோசேசியா என்னும் முகச்சிவப்பு நோய் என்றும், நான் பூசியது ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டீராய்டு களிம்பு என்ன செய்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது ரத்தக் குழாயைச் சுருக்கி வீக்கத்தை அடக்குவதால் முதல் வாரத்தில் முகம் தெளிகிறது. அதே முகத்தில் மாதக்கணக்கில் பூசும்போது தோல் மெலிந்து, பருவும் சிவப்பும் புதிதாகக் கிளம்பி, நிறுத்தினால் பன்மடங்காகத் திரும்பி வருகிறது. நான் பூசியது, கருமையை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த களிம்பு. அது மங்குக்காக, மருத்துவர் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்கு என்று வந்தது. எங்கள் பக்கத்திலோ அது பருவுக்கும் வெயில் கருமைக்கும் கல்யாணப் பெண்ணின் நிறத்துக்கும் என்று கைமாறுகிறது. முகம் கெட்டவர்கள் நாடெங்கும் பெருகியதால் தோல் மருத்துவர்கள் குரல் கொடுத்து, 2018இல் மத்திய அரசு தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆக, மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக்கூடாது என்பது நான் வைக்கும் வேண்டுகோள் அல்ல, அது சட்டம். அதை நினைவூட்டுவதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் சட்டத்தில் இல்லாத ஒன்றைக் கேட்பதற்காகவே இம்மடலை எழுதத் தொடங்கினேன்.

மருத்துவர் அந்தக் களிம்பை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பின் வந்த ஆறு வாரங்களை நினைத்தால் இப்போதும் கன்னத்தில் சூடேறுகிறது. முகத்தில் துப்பட்டா சுற்றாமல் நான் பட்டுவாடாவுக்குப் போகவில்லை. மாத்திரையாலும் வேறு பூச்சாலும் முகம் ஓரளவு ஆறிய பிறகு, அசெலாயிக் அமிலம் 15 சதவீத ஜெல் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். இரண்டில் இல்லை என்றார்கள். மூன்றாவதில், “அது வரலீங்கக்கா, இதுவும் அதே மாதிரிதான், இது இன்னும் சீக்கிரம் கேக்கும்” என்று ஒரு ட்யூபை எடுத்து வைத்தார் கடைப்பையன். கையில் எடுத்துப் பார்த்தேன். பெட்டி வேறு நிறம், பெயர் வேறு. உள்ளே இருந்ததோ நான் எதிலிருந்து மீண்டு வந்தேனோ அதே மூன்று பொருள். சுட்டுக்கொண்டவள் என்பதால் படித்துப் பார்த்தேன். படிக்கத் தெரியாத ஒருவர் அன்று அந்த இடத்தில் நின்றிருந்தால் மறுபடியும் முதல் நாளுக்கே போயிருப்பார்.

இந்த அமிலம் ஏதோ புதிதாகக் காய்ச்சி எடுத்த கடுமையான திராவகம் அல்ல. கோதுமை, வாற்கோதுமை போன்ற தானியங்களில் இயல்பாகவே இருப்பது. நம் தோலில் வாழும் ஒரு பூஞ்சையும் இதை உண்டாக்குகிறது. தேமலுக்குக் காரணமான அதே பூஞ்சைதான். தேமல் விழுந்த இடம் ஏன் வெளுக்கிறது என்று இத்தாலியில் 1970களில் ஆராய்ந்தவர்களின் கண்ணில் பட்டு இது மருந்தாக வந்தது. அமெரிக்காவில் 20 சதவீதக் களிம்பு பருவுக்கென்று 1995இலும், 15 சதவீத ஜெல் ரோசேசியாவுக்கென்று 2002இலும் அனுமதி பெற்றன; ஐரோப்பிய நாடுகளில் இதே ஜெல்லைப் பருவுக்கும் எழுதுகிறார்கள். பருவில் இது மயிர்க்கால் வாய் அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது, பருவை வளர்க்கும் கிருமியை அடக்குகிறது. ரோசேசியாவில் தோலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியைத் தணிக்கிறது. கிளிண்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளைத் தனியாக நெடுநாள் பூசினால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்ற கவலை உண்டு. இதில் அந்தக் கவலை இல்லை. கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பரு வந்தால் ட்ரெட்டினாயின் கூடாது. அப்போது மருத்துவர்கள் தேடி எழுதும் சில மருந்துகளில் இதுவும் ஒன்று. பரு ஆறிய பின் நம் நிறத் தோலில் மாதக்கணக்கில் தங்கிவிடும் கரும்புள்ளிகளையும் இது மெல்ல மங்கச் செய்கிறது. ஆனால் இயல்பான தோலை இது பொதுவாக வெளுக்கச் செய்யாது. இதைச் சிவப்பழகுக் களிம்பு என்று சொல்லி எவரும் விற்றுவிடக்கூடாது என்பதில் எனக்கு மிகுந்த கவலை இருக்கிறது, ஏனென்றால் எங்கள் பெண்களிடம் அந்த ஒரு சொல் போதும், மருத்துவரே தேவையில்லாமல் போய்விடும்.

இந்த மருந்துக்கு ஒரு குணம் இருக்கிறது. அதை முன்கூட்டியே சொல்லாமல் கொடுத்தால் மருந்து வீணாகிவிடும். பூசிய சில நிமிடங்களில் முகம் சுருக்கென்கிறது. எறும்பு ஊர்வது போலத் தொடங்கி, மிளகாய் கிள்ளிய கை பட்டது போல் எரிந்து, கால் மணி அரை மணி நேரத்தில் அடங்குகிறது. முதல் சில வாரங்களுக்குப் பலருக்கும் இப்படித்தான். பிறகு தோல் பழகிக்கொள்கிறது. பலனோ மிகவும் மெதுவாக வருகிறது. நான்கு வாரத்தில் கொஞ்சம் தெரியும், முழுப் பலனைப் பார்க்கப் பன்னிரண்டு வாரமாவது ஆகும். ஒரு வாரத்தில் பளபளக்கச் செய்யும் ஸ்டீராய்டு களிம்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒன்று முதல் நாளே இதமாக இருந்து பின்னால் கெடுக்கிறது, மற்றொன்று முதல் நாளே எரிந்து மூன்றாம் மாதத்தில் குணம் தருகிறது. விவரம் தெரியாத ஒருவர் எதை நல்ல மருந்து என்று நினைப்பார்?

என் தம்பி மகள் அப்படித்தான் நினைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நெற்றியும் தாடையும் நிறையப் பரு. இரண்டிலும் எரிச்சல் இருந்தாலும், பருவில் கருமுள்ளும் வெண்முள்ளும் இருக்கும், ரோசேசியாவில் அவை இரா என்று என் மருத்துவர் சொல்லியிருந்ததால் இது எனக்கு வந்தது போன்றதல்ல என்று எனக்கே தெரிந்தது. அவளையும் அவரிடமே அழைத்துப் போனோம். அவளுக்கும் அசெலாயிக் அமிலமே எழுதினார். தம்பி சீட்டைக் கொண்டுபோய் வாங்கி வந்தான். கடையில் காலை, இரவு இரண்டு வேளை என்று பெட்டியின் மேல் எழுதிக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் போன் வந்தது. “அத்தை, மூஞ்சி வெந்து போச்சு, இது எனக்கு ஒத்துக்கல, தூக்கிப் போட்டுட்டேன்” என்று அழுதாள். போய்ப் பார்த்தால், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயும் முன்பே, விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசியிருக்கிறாள். பரு சீக்கிரம் போக வேண்டும் என்ற ஆசை. அவள் மேல் என்ன தவறு?

மறுபடி மருத்துவரிடம் கேட்டோம். முகத்தை மென்மையாகக் கழுவி ஈரம் ஒற்றிக் காயவிட்டு, மாய்ஸ்சரைசர் தடவிய பின், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, முதல் இரண்டு வாரம் இரவு மட்டும், பொறுக்க முடிந்தால் பிறகு இரண்டு வேளை என்றார். கண்ணருகிலும் உதட்டோரத்திலும் படக்கூடாது, பகலில் சன்ஸ்கிரீன் வேண்டும் என்றார். தூக்கிப் போட்ட ட்யூபைத் தம்பி மனைவி குப்பைக்கூடையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்தாள். பொதுத் தேர்வு முடிந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நெற்றியில் புதிய பரு ஒன்றிரண்டுதான் இருந்தது, பழைய புள்ளிகளும் மங்கத் தொடங்கியிருந்தன.

மருத்துவர் அறையில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வெளியே இன்னும் பலர் காத்திருப்பார்கள். அங்கே கேட்டதில் பாதி, பேருந்து ஏறும் முன்பே மறந்துபோகும். ட்யூப் கைக்கு வருவது உங்கள் கடையில். வீட்டுக்குப் போகும் முன் கடைசியாக அவர் கேட்பது உங்கள் குரலை. ஆகவே நான் கேட்பது இரண்டு வாக்கியம். “முதல்ல எரியும், பயப்படாதீங்க, கொஞ்சமா பூசுங்க. பன்னிரண்டு வாரம் விடாம போடுங்க.” சில்லறை எண்ணிக் கொடுக்கும் நேரத்தில் இதைச் சொல்லிவிடலாம். முகம் வீங்கினாலோ, எரிச்சல் அடங்காமல் தோல் உரிந்து தடித்தாலோ, ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு கூடினாலோ, பூசிய இடம் திட்டாக வெளுத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்வதும் இதோடு சேர்ந்தது. முகச்சிவப்போடு வருகிறவர் கண்ணிலும் மணல் விழுந்தது போல உறுத்துகிறது என்றால், ரோசேசியா கண்ணையும் பிடிக்கும் என்பதால், அவருக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பாமல் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அதிகம் போகாத ஜெல்லை வாங்கி அடுக்கினால் அது காலாவதியாகி நட்டம் உங்கள் தலையில்தான் விழும் என்பதை அறியாமல் நான் எழுதவில்லை. கடையில் இருப்பு வைக்க முடியாவிட்டால், இல்லை என்று சொல்லுங்கள். போன் எண்ணை வாங்கிக்கொண்டு என்றைக்கு வரவழைத்துத் தர முடியும் என்று சொல்லுங்கள். பன்னிரண்டு வாரம் பூச வேண்டிய மருந்துக்கு இரண்டு நாள் காத்திருப்பதில் எங்களுக்குச் சிரமமில்லை. அதற்குப் பதிலாக இது என்று வேறொன்றை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். சீட்டே இல்லாமல் முகத்தைக் காட்டி நிற்பவரிடம், ஏற்கெனவே என்ன பூசுகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மருத்துவரிடம் அனுப்பினால், ஒரு ட்யூப் விற்பனை போகும். அந்த முகம் மிஞ்சும்.

இதைப் பற்றி என்னிடம் பேச நினைப்பவர்கள், உங்கள் கடை என் தடத்தில் இருந்தால் தபால் கொண்டுவரும்போது என்னை நிறுத்திக் கேட்கலாம். முகத்தையும் பார்க்கலாம். கொப்புளங்கள் இப்போது இல்லை. வெயிலில் எரிவதும் வெகுவாகக் குறைந்துவிட்டது. கன்னத்து நரம்புக் கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றை இந்த ஜெல்லால் அழிக்க முடியாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

இப்படிக்கு,
பென்னாகரம் வட்டத்துக் கிராம அஞ்சல் ஊழியர் ஒருவர்