பதினாறு பக்கம் காணவில்லை; நாவலையும் காணவில்லை

அனுப்புநர்
முதுகலை ஆசிரியை (வேதியியல்),
அரசு மேல்நிலைப் பள்ளி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
நூல் வெளியீட்டு நிறுவனம், சென்னை.

பொருள்: தங்கள் வெளியீடான இளையோர் காதல் நாவல் – பக்கங்கள் விடுபட்டிருத்தல், பின்னட்டையில் சொன்னது உள்ளே இல்லாமை – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தஞ்சாவூர் புத்தகத் திருவிழாவில் தங்கள் அரங்கில் 380 ரூபாய் விலையுள்ள நாவல் ஒன்றை, பத்து சதவீதக் கழிவு போக 342 ரூபாய்க்கு வாங்கினேன். நூலின் பெயர் இணைத்துள்ள பில் நகலில் இருக்கிறது. இந்தக் கடிதம் யார் கையிலாவது போய் அதுவே விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் இங்கே எழுதவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கும் அவளுடைய வேதியியல் ஆசிரியருக்கும் காதல் என்றால் எந்த நூல் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் சுலபமான புகார். 144ஆம் பக்கத்துக்குப் பிறகு 145 வரவில்லை. மறுபடியும் 129 வருகிறது. ஒரே பாரம் (சேர்த்து மடித்துத் தைக்கும் பதினாறு பக்கக் கட்டு) இரண்டு முறை தைக்கப்பட்டு, 145 முதல் 160 வரையுள்ள பாரம் அடியோடு விடுபட்டிருக்கிறது. பைண்டிங்கில் பாரம் மாறுவது எங்கும் நடப்பதுதான். அதைவிட எனக்கு உறைத்தது, 144இலிருந்து 161க்குத் தாவியபோது கதையில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதே. அதே மழை, அதே ஜன்னல், அதே பெருமூச்சு. தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “பக்கம் குறைந்தால் வேறு பிரதி அனுப்புவோம் மேடம், கதை பிடிக்கவில்லை என்பதற்குப் பணம் தருவதில்லை” என்றார். வேறு பிரதி வேண்டாம். வந்தால் அந்தப் பதினாறு பக்கத்தையும் படிக்க வேண்டியிருக்கும்.

காதல் கதை படிக்கிற பிள்ளைகளைக் கண்டால் முகம் சுளிக்கிற ஆசிரியை அல்ல நான். என் வகுப்பு அலமாரியில் நாவல்கள் இருக்கின்றன; அவற்றில் முதலில் அட்டை கிழிவது காதல் கதைகள்தான். எதையும் அங்கே வைப்பதற்கு முன் படித்துவிடுவேன். இதையும் அப்படித்தான் படித்தேன். அலமாரிக்குப் போகவில்லை, என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

பின்னட்டையில் “விலக்கப்பட்ட காதலின் வலியை அஞ்சாமல் பேசும் நாவல்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். விலக்கியது யார், எதற்காக என்று நூல் முழுவதும் ஒரு வரி கிடையாது. தடையாக வருகிறவர்கள் யார் யார் என்று பாருங்கள்: பெண்ணின் அத்தை, ஊர் வாய், ஆசிரியருக்கு ஏற்கெனவே பேசி வைத்திருக்கும் மாமன் மகள். எதிர்வீட்டுப் பையனைக் காதலித்தாலும் அத்தை வரத்தான் செய்வாள். ஆசிரியர், மாணவி என்று வைத்தபிறகு அந்த உறவுக்கே உரிய தடை ஒன்று இருக்கிறதே, அது எங்கே?

எங்கே என்று நான் சொல்கிறேன், தினமும் அதைக் கையில் வைத்திருப்பவள் என்பதால். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். அந்தப் பத்தைப் போடுவது பாட ஆசிரியர். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுபவரும் அவரே. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வந்தாலும் பக்கத்தில் நிற்பது பள்ளி ஆசிரியர்தான். பொறியியல் கட்-ஆஃபில் அரை மதிப்பெண் குறைந்து நினைத்த கல்லூரியை விட்ட பிள்ளைகளின் வீடுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. அப்படிப்பட்ட பத்து மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் பதினேழு வயதுப் பெண் “வேண்டாம் சார்” என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் என்ன ஆகும் என்று ராத்திரி முழுக்க யோசிக்க மாட்டாளா? நாவலாசிரியர் தொட வேண்டிய இடம் அதுதான். தொட்டிருந்தால் வலி தானாக வந்திருக்கும்.

தொடாதது மட்டுமில்லை. 88ஆம் பக்கத்தில் ஆசிரியர் அகமதிப்பீட்டில் அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டு, பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பூ வரைகிறார். அது நமக்கு இனிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு எத்தனை போட்டார்? அவர்களில் ஒருத்திகூட அதைக் கவனிக்கவில்லையா? என் வகுப்பில் யாருக்காவது அரை மதிப்பெண் கூடுதலாகப் போட்டால் இடைவேளை மணி அடிப்பதற்குள் நான்கு பேர் மேசை முன்னால் நிற்பார்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவளும் சம்மதித்தாள் என்ற பேச்சு அங்கே எடுபடாது. செய்தவர் பள்ளி ஊழியர் என்றால் தண்டனை இன்னும் கடுமை. நடந்தது தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதும் குற்றம். உங்கள் நாவலில் தலைமையாசிரியர் இருவரையும் ஆய்வகத்தில் கட்டியணைத்த கோலத்தில் பார்க்கிறார், “இளமை!” என்று சிரித்துக்கொண்டு போய்விடுகிறார். எங்கள் பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 என்று இரண்டு எண்கள் பெரிதாக எழுதியிருக்கின்றன. அந்தச் சுவரைத் தாண்டித்தான் பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறார்கள். அவர்கள் கையில், தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டு போகும் கதையைக் கொடுத்து “13 வயது முதல்” என்று அட்டையில் முத்திரையும் குத்தியிருக்கிறீர்கள். கடைசியில் அவளுக்குப் பதினெட்டு பிறக்கிறது, கேக் வெட்டுகிறார்கள், அதற்கு முன் நடந்ததெல்லாம் அந்த ஒரே பிறந்தநாளில் கழுவிப்போய்விடுகிறது.

நாவல் சட்டப் புத்தகமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தப்பு செய்கிறவர்களைப் பற்றித்தான் நல்ல கதைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் தப்பு செய்கிறவனுக்கு உள்ளே எதாவது நடக்க வேண்டாமா? இந்த மனிதருக்கு வியர்க்கக்கூட இல்லை.

சரி, தடைதான் இல்லை, ஈர்ப்பாவது இருக்கிறதா? அவருடைய கண்கள் கடல், குரல் குழல், சட்டை எப்போதும் வெள்ளை. அவர் என்ன பாடம் நடத்தினார், எப்படி நடத்தினார் என்று ஒரு பக்கம்கூட இல்லை. பிள்ளைகளுக்கு ஆசிரியர் மீது மயக்கம் வருவது புதிதல்ல, அசிங்கமும் அல்ல. அது வரும் வழி எங்களுக்குத் தெரியும். அதுவரை கிறுக்கிக்கொண்டிருந்த பெண்ணின் நோட்டில் ஒரு பாடத்துக்கு மட்டும் கையெழுத்து முத்தாகிவிடும். ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி ஆசிரியர் அறைக்கு எடுத்துப்போக நான், நான் என்று முந்துவாள். சார் எந்த பஸ்ஸில் இறங்குகிறார், என்றைக்கு விடுப்பு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாதத் தேர்வில் அந்தப் பாடத்தில் மட்டும் தொண்ணூற்றெட்டு, மற்றதில் நாற்பது. பக்குவமுள்ள ஆசிரியர் இதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். நோட்டைத் திருத்துவார், கதவைத் திறந்து வைப்பார், அடுத்த பாடத்திலும் நாற்பதை எழுபதாக்கு என்பார். கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணுக்கே அது ஒரு சிரிப்பாகிவிடும், மிஞ்சுவது வேதியியல். இதில் ஒரு நாவலுக்கான சங்கதி இல்லையா? உங்கள் கதாநாயகி ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று இருப்பதையே அறியாதவள்.

ஆய்வகக் காட்சி இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு எங்கள் ஆய்வக உதவியாளரிடம் வாசித்துக் காட்டினேன்; அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. பெர்ரஸ் சல்பேட்டைப் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கிறாள் பெண், அதாவது ஒரு கரைசலைத் துளித்துளியாக மற்றொன்றில் விட்டு அதன் செறிவைக் கணக்கிடுகிறாள். ஆசிரியர் பின்னால் வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொள்ள, குடுவைக்குள் “வானத்தின் நீலம்” பரவுகிறது. ஐயா, பெர்மாங்கனேட் ப்யூரெட் என்ற அளவுக் குழாயில் இருக்கும், அடர் செவ்வூதா நிறத்தில். கூம்புக் குடுவையில் விழும் ஒவ்வொரு துளியும் நிறமிழந்துகொண்டே வரும். கடைசி ஒரு துளி மறையாமல் நின்று இளஞ்சிவப்பு தங்கினால் அதுதான் முடிவுநிலை. நீலம் எங்கிருந்தும் வராது. இடது கை அடைப்பானைத் திருக வேண்டும், வலது கை குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிடித்துக்கொள்ள அங்கே காலிக் கை கிடையாது. பிடித்தால் ஒன்றிரண்டு மில்லி கூட இறங்கி, அவளுடைய கணக்கு தப்பாகும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஆய்வகச் சாவி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று நாவலில் யாரும் கேட்கவில்லை. எங்கள் பள்ளியில் நான் கேட்பேன்.

“காவிரி மண்ணின் ஈரத்தோடு” என்றும் பின்னட்டை சொல்கிறது. ஈரம் இருக்கிறது, தப்பான மாதத்தில். மார்ச் பொதுத்தேர்வு முடிந்த அன்று இருவரும் காவிரியின் கிளையான குடமுருட்டிக் கரையில் நிற்கிறார்கள். ஆறு இரு கரையும் புரண்டு ஓடுகிறது, சுற்றிலும் நடவுப் பெண்கள் பாட்டுப் பாடுகிறார்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது. மார்ச்சில் குடமுருட்டியில் மணல்தான் கிடக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பே நிற்கும் நெல்லுக்கிடையில் தெளித்த உளுந்தும் பயறும் அப்போது காய்த்து முற்றியிருக்கும். நடவுக்கு அங்கே வேலை இல்லை. கும்பகோணத்துப் பெண் “ஏனுங்க சார்” என்று கொங்குத் தமிழ் பேசுவதையும், அத்தியாயத்துக்கு ஒரு டிகிரி காப்பி வருவதையும் விட்டுவிடுகிறேன். காப்பியாவது சூடாக இருந்தது.

இன்னொன்று. முன்னுரையில் இந்தக் காதல் “சங்க அகத்திணையின் நேர் வாரிசு” என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் பள்ளித் தமிழாசிரியர் அதைப் பார்த்துவிட்டு எடுத்துக் காட்டினார்: காமத்துக்கு முதிராத இளம்பெண்ணை நோக்கி, அவளிடமிருந்து மறுமொழி பெறாமலே ஒருவன் தானே பேசி இன்புறுவதைத் தொல்காப்பியம் கைக்கிளை என்கிறது, அன்பின் ஐந்திணையில் அதைச் சேர்க்கவில்லை. வாரிசு என்றால் அந்த வரிசையில்தான். முன்னுரை எழுதியவர் அகத்திணையியலின் கடைசிப் பகுதியைப் புரட்டியிருக்கலாம்.

நூலாசிரியர் மீது எனக்குக் கோபம் இல்லை. முதல் நாவல் என்று போட்டிருக்கிறது. இடையிடையே, பெண்ணின் அம்மா சைக்கிளில் டிபன் கேரியர் கொண்டுவரும் இரண்டு பக்கத்தைப் போல, எழுதத் தெரிந்த கை தெரிகிறது. ஆனால் பதிப்பாசிரியர் என்று உள்பக்கத்தில் ஒரு பெயர் அச்சாகியிருக்கிறதே, அவர் வேலை என்ன? மேலே நான் கேட்டவை எல்லாம் கையெழுத்துப் படியின் ஓரத்தில் அவர் பேனாவால் குறித்திருக்க வேண்டிய கேள்விகள். சம்பளம் வாங்காமல் நான் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, நான் செலுத்திய 342 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த அச்சில் “13 வயது முதல்” என்ற முத்திரையை எடுத்துவிட வேண்டும். கைவசமுள்ள பிரதிகளில் அதன் மேல் ஒட்டுத்தாள் ஒட்டலாம், அது பெரிய செலவில்லை. “அஞ்சாமல் பேசும்” என்ற வரியை நீக்குவதா வைத்துக்கொள்வதா என்பதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறேன். புத்தகம் திரும்ப வேண்டுமென்றால் விரைவுத் தபால் செலவையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த இரட்டைப் பாரத்தோடு அப்படியே அனுப்பி வைக்கிறேன்.

முப்பது நாளுக்குள் பதில் இல்லையென்றால், முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பக்கங்கள் விடுபட்டது குறைபாடுள்ள பொருள். அட்டையில் ஒன்று, உள்ளே ஒன்று என்பது தவறாக வழிநடத்தும் விளம்பரம். இரண்டையும் ஒரே மனுவில் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வேதியியல் முதுகலை ஆசிரியை

இணைப்பு: பில் நகல், 144ஆம் பக்கத்தையும் அதன் எதிரே மறுபடி வரும் 129ஆம் பக்கத்தையும் காட்டும் படம்.