கருவிழிப் பிரிவினருக்கு ஒரு நன்றி மடல்

மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வுக்கூடத்தார், கருவிழியின் உள்ளே படமெடுக்கும் கன்ஃபோகல் கருவியை இயக்கிய சகோதரி, எல்லோருக்கும் வணக்கம்.

இலை நுனி கீறி என் வலக்கண்ணில் வந்த புண் மேலே மூடிக்கொண்டது. தொற்று மட்டும் உள்ளே இறங்கிவிட்டது. சுரண்டி எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் ஒன்றும் சிக்கவில்லை. கல்ச்சரில், அதாவது ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்துப் பார்க்கும்போது, பூஞ்சை வளர நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகுமாம். கருவிழியின் தடிமனே அரை மில்லிமீட்டர்தான். அதுவரை அது தாங்குமா என்பதுதான் கவலை.

அதனால் கன்ஃபோகல் கருவியில் படம் எடுக்கலாம் என்றார்கள். அதற்கு லேசர் என்றதும் வீட்டில் ஆபரேஷன் என்றே நினைத்துப் பயந்துவிட்டார்கள். இது வெட்டுகிற லேசர் இல்லை, 670 நானோமீட்டர் சிவப்பு ஒளி, படம் எடுக்க மட்டும்தான் என்று பொறுமையாக விளக்கிய செவிலியர் அக்காவுக்கு முதல் நன்றி.

மரத்துப்போக ஒரு சொட்டு, கொஞ்சம் ஜெல், கருவியின் முனையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி. அது கருவிழியை மெல்லத் தொட்டு நின்றது. வலி இல்லை, அசையாமல் இருப்பதுதான் பாடு. "இன்னொரு கண்ணால அந்த வெளிச்சத்தையே பாருங்க, போதும்" என்று சகோதரி சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு படத்தில் அடங்குவது 0.4 மில்லிமீட்டர் சதுரம். நான் துளி அசைந்தாலும் இடம் தப்பிவிடும். சலிக்காமல் ஆழத்தை மைக்ரான் மைக்ரானாக மாற்றித் திரும்பத் திரும்ப எடுத்தார்.

திரையில், சாம்பல் நிறத்துக்கு நடுவே கிளைவிட்ட வெள்ளைக் கோடுகள். பூஞ்சை இழைகள் என்றார் டாக்டர். கருவிழி நரம்பும் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். எது நரம்பு, எது இழை என்று எனக்கே பிரித்துக் காட்டினார். எந்த வகைப் பூஞ்சை என்று இந்தப் படம் உறுதியாகச் சொல்லாது, பாக்டீரியாவை இதில் அடையாளம் காண முடியாது என்பதையும் ஒளிக்கவில்லை. கருவியைவிட அந்த நேர்மைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அன்றைக்கே பூஞ்சைக்கான நட்டாமைசின் மருந்து தொடங்கியது, மணிக்கொரு சொட்டு. ஸ்டீராய்டு கொடுத்தால் சிவப்பு சீக்கிரம் போகுமே என்று உறவினர் ஒருவர் கேட்டபோது, இப்போது கொடுத்தால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

படம் கிடைத்துவிட்டதே என்று கல்ச்சர் தட்டுகளைத் தூக்கிப் போடாமல் காத்திருந்து, ஃபியூசேரியம் என்ற பூஞ்சைதான் என்று பிறகு உறுதி செய்த ஆய்வுக்கூடத்தாருக்கும் நன்றி. இராத்திரியெல்லாம் எழுப்பிச் சொட்டு விட்ட வார்டு செவிலியர்கள், சிடுசிடுத்த என்னிடம் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

ஓரமாக ஒரு தழும்பு மிச்சம். பார்வைக்குக் குறுக்கே வரவில்லை. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எல்லோரையும் நேரில் பார்க்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி