மெர்க்குரி பரிசுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நவம்பர் 2013

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பிரிட்டன், அயர்லாந்து கலைஞர்களின் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கு நீங்கள் வழங்கும் பரிசுக்கு, மை பிளடி வாலண்டைன் என்ற ராக் குழுவின் ‘எம் பி வி’ தொகுப்பு இவ்வாண்டு ஏன் பரிசீலிக்கப்படவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இணைய வழியிலும் வட்டு வடிவிலும் பிரிட்டனில் விநியோக ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. அவர்களோ தங்கள் சொந்த இணையதளத்தின் வழியாகத் தாங்களே விற்றார்கள். இந்த அளவுக்குச் சுதந்திரமாக இயங்குவது சட்டத்துக்குப் புறம்பானது போல ஆகிவிட்டதே என்று குழுவின் தலைவர் கெவின் ஷீல்ட்ஸ் ஒரு பேட்டியில் மனம் நொந்து பேசியதைப் படித்த பிறகே இதை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: அந்த விநியோக ஒப்பந்த நிபந்தனையை நீக்குங்கள்.

அவர்களுடைய முந்தைய தொகுப்பான ‘லவ்லெஸ்’ 1991 நவம்பரில் வெளிவந்தது. ஒலிப்பதிவுக் கூடம் மாற்றிக் கூடம் ஏறி ஈராண்டுக் காலம் பதிவுசெய்த அந்தத் தொகுப்பின் செலவு, அதை வெளியிட்ட கிரியேஷன் இசை நிறுவனத்தையே ஆட்டிவிட்டது என்று ஊரெல்லாம் பேசியது. நிறுவனமும் அவர்களைக் கைவிட்டது. பிறகு ஐலண்ட் என்ற இன்னொரு இசை நிறுவனத்துடன் ஒப்பந்தமாகி, தெற்கு லண்டனில் சொந்தமாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார்கள். அந்தக் கூடம் சரிவர இயங்கவில்லை, காலம் கரைந்தது, குழுவினரான டெபி கூஜும் கோல்ம் ஓ கீசோகும் விலகிப்போனார்கள். அந்த ஒப்பந்தத்தின் பேரில் ஒரு புதிய தொகுப்புகூட வெளிவரவில்லை. 2007இல் நால்வரும் மீண்டும் ஒன்றுசேர்ந்தார்கள். அதற்கும் ஐந்தாண்டுகளுக்கு மேல் கழித்து, இவ்வாண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, விளம்பரமோ விழாவோ இல்லாமல் ‘எம் பி வி’ வந்தது. வாங்க வந்தவர்களின் கூட்டம் தாங்காமல் அவர்களுடைய தளமே முடங்கிப்போனது. இருபத்தோரு ஆண்டு காத்திருந்தவர்கள் அந்த இரவு முழுவதும் தளம் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பந்தங்களால் இவ்வளவு இழந்தவர்களிடம், இன்னொரு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தால்தான் உங்கள் இசையைக் கேட்போம் என்கிறீர்கள். இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

ஒன்பது பாடல்கள் கொண்ட அந்தத் தொகுப்பைத் தரவிறக்கமாகவும், குறுவட்டாகவும், வினைல் தட்டாகவும் விலைகொடுத்து வாங்க முடிந்தது. யூடியூபிலும் அவர்களே முழுவதுமாக வெளியிட்டிருந்தார்கள். முதல் மூன்று பாடல்களில் பழைய கிதார் மூட்டம் சூழ்கிறது. நடுவில் கிதார் சற்று ஒதுங்க, விசைப்பலகையும் குழுவின் பாடகி பிலிண்டா புட்சரின் குரலும் முன்வருகின்றன. கடைசி மூன்றில் டிரம்ஸ் ஓயாமல் அடித்துக்கொண்டே போய், இறுதிப் பாடலில் விமானம் ஒன்று தலைக்கு மேலேயே ஏறுவது போல இரைகிறது. கிதார் இரைச்சலில் குரல் கரையும் ஷூகேஸ் என்ற இந்த இசைவகை தொண்ணூறுகளோடு முடிந்துவிட்டது என்று எழுதியவர்களுக்கு இந்தக் கடைசி மூன்று பாடல்களே பதில். இதை இசைத்தொகுப்பு என்று ஒப்புக்கொள்ள இன்னும் என்ன வேண்டும்?

பத்தாண்டு மௌனத்துக்குப் பிறகு பாடகர் டேவிட் போவி வெளியிட்ட தொகுப்பு உங்கள் குறும்பட்டியலில் இடம்பெற்றதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. இந்த ஜனவரியில் இசைத்தட்டு விற்கும் எச்எம்வி கடைகளே நொடித்து, திவால் நிர்வாகிகள் கைக்குப் போயின. கடைகள் நிலைகுலைந்து நிற்கிற காலத்தில், கடை வழியாக வராத இசைக்கு மதிப்பில்லை என்ற விதி யாருக்குக் காவல் நிற்கிறது? தம் அறையில் பதிவுசெய்து தாமே விற்கிற, பெயர் அறியாத இளைஞர்களின் கதி என்ன? ஷீல்ட்ஸுக்காவது பேட்டி எடுக்க ஆள் இருக்கிறது.

2005இல், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் ஈழத்தமிழரான மாயா அருள்பிரகாசம் தம் தந்தையின் இயக்கப் பெயரைச் சூட்டிய ‘அருளர்’ தொகுப்பு உங்கள் குறும்பட்டியலில் வந்தபோதுதான், என்னைப் போன்ற தமிழ் இரசிகர்கள் பலர் உங்கள் பரிசையே கவனிக்கத் தொடங்கினோம். அந்த மதிப்பு குறையவில்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். 1992இல் உங்கள் முதல் பட்டியலில் ‘லவ்லெஸ்’ இல்லை; நடுவர்களின் இரசனை அப்படி என்று விட்டுவிடலாம். ‘எம் பி வி’யையும் நடுவர்கள் கேட்டுவிட்டு வேண்டாம் என்றிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். கேட்காமலே ஒதுக்கியதைத்தான் ஏற்க முடியவில்லை.

வருகிற எதையும் வடிகட்டாமல் ஏற்க முடியாது என்பது புரிகிறது. ஆகவே, அடுத்த ஆண்டுப் பரிசுக்கான விண்ணப்பங்களைக் கோருவதற்கு முன், பொதுமக்கள் எவரும் முறையாக விலைகொடுத்து வாங்கக்கூடிய முழுத்தொகுப்பு எதுவாயினும், யார் விற்றாலும், அது தகுதியுடையது என்று விதியைத் திருத்தி அறிவியுங்கள். அந்த நிபந்தனையால் இவ்வாண்டு வெளியே நின்ற தொகுப்புகளுக்கும் ஒருமுறை இடம் கொடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையுடன்,
ஓர் இசை இரசிகர்