தெரார்ட்டு துலுவையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெடுந்தூர ஓட்டம் என்றாலே நம் விளையாட்டுப் பக்கங்களில் ஆண்களின் பெயர்தான் வருகிறது. எத்தியோப்பியாவின் பெகோஜி பகுதியில் பிறந்த தெரார்ட்டு துலுவை எத்தனை பேருக்குத் தெரியும்?

1992 பார்சிலோனா ஒலிம்பிக், 10,000 மீட்டர். தென்னாப்பிரிக்காவின் எலனா மெயர் முன்னால் இழுத்துக்கொண்டு ஓட, இவர் விடாமல் பின்னாலேயே வந்து கடைசிச் சுற்றில் எடுத்தார் பாருங்கள் ஒரு வேகம்! ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கப் பெண் அவர்தான். நிறவெறியால் 32 ஆண்டுகள் விலக்கப்பட்டிருந்த நாட்டின் வெள்ளைக்காரப் பெண்ணும் இவரும் கைகோத்து மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

அடுத்து அட்லாண்டா ஒலிம்பிக்கில் நான்காமிடம். அப்புறம் 1998-இல் மகள் பிறந்தாள். கல்யாணமும் குழந்தையும் ஆகிவிட்டால் இனி என்ன ஓட்டம் என்று நம் வீடுகளில் இன்றும் கேட்கிறார்களே, துலு 2000-இல் சிட்னியில் அதே 10,000 மீட்டரில் மறுபடி தங்கம் வாங்கினார். இரண்டு முறை அதை வென்ற முதல் பெண். 2004-இல் ஏதென்ஸில் வெண்கலம்.

2009 நியூயார்க் மாரத்தானை 37 வயதில் வென்றார். வழியில் தடுமாறிய பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபைக் கூடவே வரும்படி ஊக்கப்படுத்திவிட்டுத்தான் முன்னேறினார். பின்னாளில் தன் நாட்டுத் தடகளக் கூட்டமைப்புக்கே தலைவரானார்.

இவரைப் பற்றி ஒரு முழுப்பக்கம், ஞாயிறு இதழிலாவது, போடுங்கள். பள்ளியில் ஓடும் பிள்ளைகள் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி