மானிஷ் என்றொரு பழைய சொல்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் வலிதான் விடமாட்டேன் என்கிறது.

அப்புறம், பழைய ஆங்கிலப் புத்தகத்தில் 'மானிஷ்' என்று பார்த்தேன், அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தாயே, பிழை இல்லை. எச்சரி, புத்தி சொல் என்று அர்த்தம். இன்றைய 'அட்மானிஷ்' தலையிழந்து நிற்கும் வடிவம் அது. 'அட்மானிஷ்' வந்த கதைதான் வேடிக்கை. பிரெஞ்சில் அது 'அமொனெஸ்டெர்'. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் 'அமொனெஸ்ட்' என்று வாங்கிக்கொண்ட ஆங்கிலேயர்கள், கடைசியில் இருந்த 'ட்' (t) இறந்தகால விகுதி என்று நினைத்து அதை வெட்டிவிட்டார்கள், மிஞ்சியதை 'ஃபினிஷ்', 'அபாலிஷ்' வரிசையில் சேர்த்து 'இஷ்' ஆக்கினார்கள், பிறகு லத்தீன் படித்தவர்கள் வந்து நடுவில் வேறொரு 'ட்'டைச் (d) செருகினார்கள்! இலக்கணப் புலவர்கள் கூடி உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இப்படி வந்திருக்காது.

மூலம் லத்தீன் 'மொனேரே'. மனம் என்று பொருள்படும் 'மைண்ட்' பிறந்த அதே வேர்தான், அதாவது ஒருவரை நினைக்க வைப்பது. மிரட்டல் இதில் கிடையாது, அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. ரோமில் கபிடோலின் குன்றின் மேல் ஜூனோ மொனேட்டா என்ற தெய்வத்துக்கு கி.மு. 344-ல் கோயில் எழுந்தது. ஒரு நிலநடுக்கத்தின்போது, சினைப்பன்றியைப் பலி கொடுங்கள் என்று ஜூனோ கோயிலிலிருந்து குரல் வந்ததாம், அப்படி அறிவுறுத்தியதால் மொனேட்டா என்று பெயர் வந்ததாக ரோமானிய அறிஞர் சிசரோ எழுதியிருக்கிறார். அந்தக் கோயில் பக்கத்தில்தான் ரோமானியர்களின் நாணயச்சாலை இருந்தது, அங்கிருந்துதான் 'மணி'யும் 'மின்ட்'டும் வந்தன. மாதக் கடைசியில் நம் பர்ஸும் அதே எச்சரிக்கும் வேலையைத்தான் செய்கிறது.

வகுப்பில் மற்ற பிள்ளைகளைக் கவனிக்கும் 'மானிட்டர்' அதே குடும்பம். எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் 1789 முதல் நடத்திய அனாதைப் பள்ளியில் மாணவர்களே மாணவர்களுக்குப் பாடம் சொன்னார்கள், அந்த முறை 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று இங்கிலாந்துக்கே போனது. நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை பார்த்த வேலைதானே அது?

உடும்புக்கும் ஆங்கிலத்தில் 'மானிட்டர்' என்றுதான் பெயர். உடும்பைக் குறிக்கும் அரபு 'வரன்' ஜெர்மன் காதில் 'எச்சரி' என்று விழுந்த குழப்பம் என்கிறார்கள். அந்தப் புத்தகத்தை முடித்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ராஜு