‘டிங்-டாங்’ குழந்தைகளுக்கு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலக் கவிதையின் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ‘டிங்-டாங்’, ‘பவ்-வாவ்’ போன்றவை குழந்தைப் பாடல்களுக்கே உரியவை, பெருங்கவிஞர்கள் அவற்றை விளையாட்டாகவே தொட்டார்கள் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

அந்த இரண்டு ஒலிகளுமே ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பஸ்ட்’ நாடகத்தில், ஒரே காட்சியில் வருகின்றன. கரையொதுங்கிய இளவரசன் ஃபெர்டினாண்ட், தந்தை கடலில் மூழ்கிவிட்டார் என்று நம்பி அழுகிறான். ஏரியல் என்னும் ஆவி கண்ணில் படாமல் பாடுகிறது. முதல் பாட்டில் நாய் ‘பவ்-வாவ்’ என்று குரைக்கிறது, சேவல் கூவுகிறது. அடுத்த பாட்டில் தந்தை ஐந்து பாக ஆழத்தில் கிடக்கிறார் (நம் மீனவர்கள் ஆழம் அளக்கச் சொல்லும் அதே பாகம்தான், ஐந்து பாகம் ஏறக்குறைய 30 அடி). எலும்புகள் பவளமாகிவிட்டன, கண்கள் முத்தாகிவிட்டன. கடற்கன்னியர் மணிக்கொரு முறை அவருக்குச் சாவுமணி அடிக்கிறார்கள்: டிங்-டாங். கப்பலில் யாருக்கும் ஆபத்தில்லை என்று நாடகம் நமக்கு முன்பே சொல்லிவிட்டது. இருந்தும் அந்த மகனின் காதோடு சேர்ந்து கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் மன்னனைக் கொன்ற கை காய்வதற்குள் கேட்கும் ‘நாக், நாக்’ என்ற கதவோசையும் இப்படித்தான்.

ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் ‘தி பிரின்சஸ்’ (1847) காவியத்தில் வரும் தேனீக்களின் வரியைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை: ‘மர்மரிங் ஆஃப் இன்யூமரபிள் பீஸ்’ (எண்ணற்ற தேனீக்களின் ரீங்காரம்). ரீங்காரத்தைக் குறிக்கும் சொல் அதில் ஒன்றுதான். மகரமும் னகரமும் சேர்ந்து வரி முழுவதையும் ரீங்கரிக்க வைக்கின்றன. ஜான் குரோ ரேன்சம் என்ற விமர்சகர் இதில் ஓரிரு ஒலிகளை மட்டும் மாற்றி, ‘மர்டரிங் ஆஃப் இன்யூமரபிள் பீவ்ஸ்’ என்று எழுதிக்காட்டினார். எண்ணற்ற மாடுகளைக் கொல்வது என்று பொருள். ஒலி ஏறக்குறைய அதேதான், தேனீக்களைத்தான் காணோம்! ஒலிக்குத் தனியாக உயிர் இல்லை, பொருளும் இடமும்தான் உயிர் தருகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் அறிந்ததில்லை. ‘டிங்-டாங்’ தொட்டிலருகே ஒன்றாகவும் கடலடியில் வேறொன்றாகவும் ஒலிப்பது அதனால்தான்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த மாதம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் விளக்கங்களோடு மூல வரிகளையும் தமிழ் எழுத்தில் அச்சிடுங்கள். வாசகர்கள் வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.