தொலைபேசி மேசையில் இருந்தவர்களுக்கு நன்றி

அன்பான நேயர்களே, தோள்கொடுத்த உறவுகளே,

வணக்கம். யாழ்ப்பாணத்தின் தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்துபோகும் நோயாளர்களின் பயணச் செலவுக்கும் தங்குமிடத்துக்குமாக, கனடாவின் ஸ்காபறோவில் ஒரு மண்டபத்திலிருந்து நாங்கள் நடத்திய வானொலி நிதிசேர் நேரலையைப் பலரும் பாராட்டுகிறீர்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு, ஒலிவாங்கிக்கு முன்னால் ஒருபோதும் வராதவர்களுக்கு உரியது.

முதலில் தொலைபேசி மேசை. ஒருவர் அழைத்து "நூறு டொலர் எழுதுங்கோ" என்று சொல்வது வாக்குறுதிதான். பெயரும் முகவரியும் பிழையில்லாமல் எழுதப்பட்டு, பணம் வந்து, வருமானவரிப் பற்றுச்சீட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் அது நன்கொடை. வானொலி நிதிசேர்ப்புகள் பலவும் சறுக்குவது இந்த இடைவெளியில்தான். எங்கள் மேசையில் இருந்த அக்காமாரும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், பல்கலைக்கழகப் பிள்ளைகளும் நேரலையோடு எழும்பிப் போகவில்லை. தங்கள் வேலை முடிந்து வந்து, வாரக்கணக்காக மாலை வேளைகளில் ஒவ்வொருவராக அழைத்துக் கதைத்தார்கள். யாரையும் கடன்காரரைப் போல நடத்தவில்லை. வேலை போய்விட்டது, இப்போது தர ஏலாது என்று தயங்கிய ஒருவரிடம், "அதுக்கென்ன ஐயா, நீங்கள் கூப்பிட்டதே எங்களுக்குப் பெரிய விசயம். உங்கள் பாடு முதலில் சரிவரட்டும்" என்றார் ஓர் அக்கா. பக்கத்தில் நின்று அதைக் கேட்டேன். அக்கா, அந்தப் பதிலுக்குத் தனியாக ஒரு நன்றி.

தெல்லிப்பழையிலிருந்து பேசிய தாதிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். இங்கே காலை ஒன்பது மணி என்றால் கோடைகாலத்தில் அங்கே மாலை ஆறரை. கடமை முடிந்த களைப்போடுதான் இணைப்பில் வந்தார். கதிர்வீச்சுச் சிகிச்சை என்பது பெரும்பாலும் வாரநாள் ஒவ்வொன்றும், பல வாரங்களுக்குத் தொடர்வது. ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள்தான். ஆனால் முல்லைத்தீவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வருகிறவர் நாளாந்தம் போய்வர முடியாது. கூட வருகிறவரின் நாட்கூலியும் போய்விடும். இடையில் சிகிச்சையை விட்டுவிடுகிறவர்கள் ஏன் விடுகிறார்கள் என்பதை அவர் ஆறுதலாக விளக்கினார். அதன் பிறகு எங்கள் தொலைபேசிகளுக்கு ஓய்வே இருக்கவில்லை.

நோயாளர்களை வானலையில் அழவைத்துப் பணம் சேர்ப்பதில்லை என்று முன்கூட்டியே முடிவெடுத்திருந்தோம். சேரும் தொகை குறையும் என்று சிலர் எச்சரித்தார்கள். நேயர்கள் நீங்கள் விளக்கத்தைக் கேட்டே அள்ளித் தந்தீர்கள். அந்த மருத்துவமனை வளர்ந்ததும் அப்படித்தான். 2011 யூலையில் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள், ஏறத்தாழ 670 கிலோமீட்டர், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக நடந்து அதற்கு நிதி சேர்த்தார்கள்.

ஒலித் தொழில்நுட்பம் பார்த்த தம்பிமாரே, கலையகத்தின் அமைதி வேறு, நாதஸ்வரமும் பிள்ளைகளின் ஓட்டமும் நிறைந்த மண்டபம் வேறு. இணைய இணைப்பு ஒருமுறை அறுந்தபோது, ஆயத்தமாக வைத்திருந்த கைத்தொலைபேசி இணைப்புக்கு நீங்கள் மாறியதை நேயர் ஒருவரும் உணரவில்லை. "வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கதையுங்கோ" என்று ஒவ்வோர் அழைப்பாளரிடமும் பொறுமையாகச் சொல்லி, எதிரொலி இல்லாமல் அவர்களை வானலைக்கு அனுப்பியவர்களும் நீங்கள்தான்.

இடியப்பமும் சொதியும் தேநீரும் குறையாமல் பார்த்த சமையற்கட்டுக்கும், மண்டபம் தந்தவருக்கும், விளம்பர நேரத்தை எங்களுக்காக விட்டுக்கொடுத்த வர்த்தகர்களுக்கும் நன்றி.

நிதியைப் பொறுப்பேற்ற, கனடாவில் பதிவுபெற்ற அறக்கட்டளையின் கணக்காளருக்கும் வணக்கம். வெளிநாட்டில் செலவாகும் பணத்துக்கும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத ஒரு சதத்தையும் அவர் ஏற்கவில்லை. அவரது கண்டிப்பு எங்களுக்குப் பெரும் பாதுகாப்பு.

கணக்காய்வு முடிந்ததும் சேர்ந்த தொகையையும் செலவையும் வானொலியில் வரிவரியாக வாசிப்போம். பற்றுச்சீட்டு இன்னும் கிடைக்காதவர்கள் தயங்காமல் கலையகத்துக்கு அழையுங்கள். அதே அக்காமார்தான் எடுப்பார்கள்.

நன்றியுடன்,
நிகழ்ச்சித் தயாரிப்புக் குழுவின் சார்பில்,
ஸ்காபறோ